பத்திரத்தில் இரவு இல்லை

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்திவிடுகிறேன், தம்பி. பிறகு மற்றதைப் பேசலாம். கிணற்றுக்குச் சொந்தக்காரர் என்று ஒருவரும் இந்த உலகத்தில் கிடையாது. வந்ததும் வராததுமாக, “இந்தக் கிணற்றுக்கு ஓனர் நீங்கதானே சார்” என்று கேட்டீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. படித்தவர்கள், அதிகாரிகள், ஒரு தடவை ஒரு நீதிபதியே இந்தப் பிழையைச் செய்து நான் பார்த்திருக்கிறேன். நிலத்துக்குச் சொந்தக்காரர் உண்டு. வீட்டுக்கு உண்டு. கிணற்றுக்குப் பங்குதான் உண்டு. பங்குக்கு முறை உண்டு. முறைக்கு நேரம் உண்டு. இந்த மூன்றையும் எழுதிவைக்காத குடும்பங்கள் மூன்று தலைமுறைக்கு ஒருவரோடு ஒருவர் பேசாமலே வாழ்ந்து முடிந்திருக்கின்றன. முப்பத்தெட்டு வருஷம் பத்திரம் எழுதியவன் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். போனில் குறித்தாலும் சரி.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

உங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்று விளக்கமாகச் சொன்னீர்கள். கிணறு வைத்திருப்பவர், லாரி வைத்திருப்பவர், தண்ணீர் இல்லாமல் தவிக்கிற அடுக்குமாடிக்காரர், மூன்று பேரையும் போனிலேயே கோர்த்துவிடுகிறீர்கள். நல்ல தொழில்தான். கோயமுத்தூர் இந்தப் பக்கம் வளருகிற வேகத்துக்கு இன்னும் பத்து வருஷத்தில் நீங்கள் எங்கேயோ போய்விடுவீர்கள். என் கிணற்றை, மன்னிக்கவும், நான் பங்குதாரராக இருக்கிற கிணற்றை, அதில் சேர்க்க எனக்கு முழுச் சம்மதம். ஆனால் ரோட்டிலிருந்து வருகிற தடத்தில் நான்கு கல் தூண் நிற்கிறதே, அதை எடுத்தால்தான் லாரி உள்ளே வரும், எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் ஒரு வரியில் சொல்ல முடியாது. நான் எதையும் ஒரு வரியில் சொல்ல முடியாதவன் என்று என் மனைவி ஈஸ்வரி உள்ளேயிருந்து சொல்வாள். கேட்கிறதா? இன்னும் சொல்லவில்லை. சொல்வாள்.

என் தாத்தாவும் அவருடைய தம்பியும் 1937இல் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பத்திரம் என்னிடம் இருக்கிறது. என்ன எழுத்து தம்பி அது! கிணற்றில் சரிபாதி. ஞாயிறு, செவ்வாய், வியாழன் மூத்தவர் முறை, அதாவது இப்போது நான். திங்கள், புதன், வெள்ளி இளையவர் முறை. சனிக்கிழமை இரண்டு பேரும் இறைக்காமல் கிணறு ஊற விடவேண்டியது. நேரம், பொழுது கிளம்பினது முதல் பொழுது விழுவது வரை. ஒரு வார்த்தை கூடுதல் இல்லை, ஒரு வார்த்தை குறைவு இல்லை. எண்பது வருஷத்துக்கு மேல் இரண்டு குடும்பமும் இதை வைத்தே ஓட்டின. மாடு பூட்டி இறைக்கிற கவலை போய் ஆயில் இஞ்சின் வந்தது, இஞ்சின் போய் மின்சார மோட்டார் வந்தது. மோட்டார் பொதுவில் வாங்கியது. முறை மாறவில்லை.

இளையவர் பக்கம் இப்போது இருப்பது துளசிமணி. என் தம்பி முறையில் வருகிற நடராஜின் மனைவி. நடராஜ் போய் ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. அவள் பங்கு நிலத்தில் கீரை போட்டிருந்தாள். அரைக்கீரை, சிறுகீரை, பாலக்கு, தண்டங்கீரை, மொத்தம் நாற்பது பாத்தி. விடிவதற்குள் அறுத்துக் கட்டுப் போட்டு ஸ்கூட்டரில் வைத்து அதோ கிழக்கே தெரிகிறதே, அந்த நான்கு கோபுரங்களுக்கும் போய்க் கொடுத்துவிட்டு வருவாள். பத்து வருஷத்துக்கு முன்னால் அது சோளக்காடு. இப்போது அதில் எழுநூறு குடும்பம். எழுநூறு குடும்பத்துக்கும் இவள் கீரை என்றால் பிடிக்கும். எங்கள் வீட்டுக்கு வாரத்தில் மூன்று நாள் ஒரு கட்டு வந்துவிடும். காசு வாங்கமாட்டாள். கீரைக்குத் தினமும் ஈரம் வேண்டும். அவள் முறை நாளில் நன்றாகப் பாய்ச்சிவிடுவாள், மறுநாள் அந்த ஈரம் நிற்கும், அதற்கடுத்த நாள் மறுபடி அவள் முறை. வெள்ளிக்கிழமை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பாய்ச்சுவாள். அவ்வளவு கணக்காக நடந்துகொண்டிருந்தது.

போன மாசி மாதம் அந்தக் கோபுரங்களில் ஆழ்துளைக் கிணறெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றுவிட ஆரம்பித்தன. தொள்ளாயிரம் அடி, ஆயிரத்து நூறு அடி. வெறும் புழுதி. அப்போதுதான் குமரேசன் வந்தான். லாரிக்காரன். நல்ல பையன், நாற்பது வயது, வாய் நிறையப் பேச்சு. பன்னிரண்டாயிரம் லிட்டர் தொட்டி. “ஐயா, உங்க முறை நாள்ல ரெண்டு லோடு எடுத்துக்கறேனுங்க. வாழை காஞ்சு போன காட்டுக்குத் தண்ணி வெச்சு என்ன பண்றீங்க” என்றான்.

அதுவும் உண்மைதான். எனக்கு விவசாயம் ஒத்துவரவில்லை. இலவச மின்சார இணைப்பு விவசாயத்துக்குத்தான் என்பதால் வரப்போரமாக நாற்பது வெண்டைச் செடி வைத்திருந்தேன். அது சமையலுக்கு இல்லை, சட்டத்துக்கு. யார் வந்து கேட்டாலும் வெண்டைக்கு இறைக்கிறேன் என்று சொல்லலாம்.

ஆனால் குமரேசனுக்குப் பகலில் லாரி கொண்டுவர முடியவில்லை. பகலில் அவனுக்கு வேறு கிணறுகள், வேறு ஓட்டம். ராத்திரிதான் வசதி என்றான். நான் சம்மதிக்கவில்லை. பத்திரத்தைப் பார்க்காமல் நான் எதற்கும் சம்மதிப்பதில்லை. எடுத்துப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்கும்போது என் உடம்பு சிலிர்த்தது, தம்பி. பகலைப் பங்கு போட்டிருக்கிறார்கள். ஏழு பகலும் கணக்கில் வந்துவிட்டது. இரவைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. எண்பத்தேழு வருஷமாக அந்தக் கிணற்றில் பாதி நேரம் யாருக்கும் ஒதுக்கப்படாமல் கிடந்திருக்கிறது. ஒருவரும் கவனிக்கவில்லை.

ஈஸ்வரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“ராத்திரி மாடு தூங்குமுங்க. அதனால எழுதலை” என்றாள்.

“காரணம் எதுவாகவும் இருக்கட்டும். எழுதவில்லை அல்லவா?”

“உங்க தாத்தாவுக்கு இப்பிடி ஒரு பேரன் வருவான்னு தெரியாம போச்சு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்குச் சட்டம் புரியாது. நல்லவள்.

ஒதுக்கப்படாத பொருளை முதலில் அனுபவிக்கிறவனுக்கு ஒரு பாத்தியதை ஏற்படுகிறது. நான் அனுபவித்தேன். தினமும் பொழுது விழுந்ததும் நான்கு லோடு, பங்குனியில் ஏழு லோடு. இதைச் சொல்லும்போது ஒன்றை நீங்கள் கவனிக்கவேண்டும். துளசிமணியின் முறை நேரத்தில் நான் ஒரு சொட்டு எடுத்தது கிடையாது. பஞ்சாங்கத்தைப் பார்த்து, காலை ஆறு இருபத்திரண்டுக்குச் சூரிய உதயம் என்றால் ஆறு இருபத்தொன்றுக்கு மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிடுவேன். ஒரு நாள் குமரேசனின் லாரியில் முக்கால் தொட்டிதான் நிறைந்திருந்தது. “இன்னும் அஞ்சு நிமிசமுங்க ஐயா” என்றான். நிறுத்து என்றேன். முக்காலோடுதான் போனான். அப்படிப்பட்டவன் நான்.

பங்குனி முதல் வாரம், ஒரு திங்கட்கிழமை காலையில் துளசிமணி வந்தாள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் பக்கம் புருஷனின் அண்ணனை அப்படித்தான்.

“ஏனுங் மாமா, மோட்டாரு போட்டு இருவது நிமிசத்துல காத்து இழுக்குதுங். கெணத்துல தண்ணியே இல்லீங்.”

“காலையிலா?”

“காலைலதானுங். எம்பட மொறைதானுங் இன்னைக்கு.”

“உன் முறைதான். இன்று பொழுது விழும்வரை உன் முறைதான். யாரும் தடுக்கவில்லையே அம்மிணி?”

அவள் கிணற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “ராத்திரி ஊறுறதத்தானுங் மாமா பகல்ல எறைக்கறோம். ராத்திரியே எறைச்சுப் போட்டா பகல்ல என்னத்த எறைக்கறதுங்?”

நான் பொறுமையாக உட்காரவைத்துப் பத்திரத்தை விளக்கினேன். ஊற விடவேண்டும் என்று சனிக்கிழமைக்கு மட்டும் எழுதியிருக்கிறது. மற்ற நாளுக்கு எழுதவில்லை. எழுதவேண்டும் என்று நினைத்திருந்தால் எழுதியிருப்பார்கள். எழுதாததைச் சேர்த்துப் படிப்பது பெரியவர்களை அவமதிப்பது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், “காலைல கீரைக்குத் தண்ணி வேணுமுங் மாமா” என்றாள். இவ்வளவு விளக்கிய பிறகு அதைத்தான் சொன்னாள்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. குமரேசனிடம் பேசி, வாரத்துக்கு ஒரு லோடு அவளுக்குக் கொஞ்சம் விலை குறைத்துக் கொடுக்க ஏற்பாடு செய்தேன். அதை அவளிடம் சொன்னேன். “நம்ம கெணத்துத் தண்ணியையா மாமா, எனக்கு லாரில கொண்டாந்து ஊத்துவான்?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். மகிழ்ச்சியாக இருக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் லோடு வாங்கவில்லை.

சித்திரையில் அவள் பாத்தி இருபத்தைந்தாகக் குறைந்தது. எண்ணிப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

அப்புறம் பால் சொசைட்டிக் கட்டிடத்தில் ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேரை உட்காரவைத்துப் பேச அழைத்தாள். போனேன். பத்திரத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை கணீரென்று படித்தேன். ஒருவர் மெல்ல இழுத்தார்: “அந்தக் காலத்துல ராத்திரி கவலை ஓட்ட முடியாதுங்களே, அந்தக் கருத்துலதான் எழுதாம விட்டிருப்பாங்க.” நான் சொன்னேன்: “கருத்துக்கு யாரும் முத்திரைத்தாள் வாங்குவதில்லைங்க. எழுத்துக்குத்தான் வாங்குகிறார்கள்.” நான்கு பேரும் தலையை ஆட்டினார்கள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு வெற்றி கிடைத்ததில்லை, தம்பி. ரெஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் முப்பத்தெட்டு வருஷம் உட்கார்ந்ததற்கு அன்றைக்குத்தான் மரியாதை கிடைத்தது.

வெளியே வரும்போது துளசிமணி கேட்டாள்: “அந்தப் பத்திரம் ஒரு நகல் கெடைக்குமுங்களா மாமா? எனக்குப் பழைய எழுத்துப் படிக்க வராதுங்.”

பாருங்கள், தோற்ற கட்சிக்காரர் நகல் கேட்கிறார். எனக்கு அது பிடித்துப்போயிற்று. ஜெராக்ஸ் கொடுத்தால் போதும், ஆனால் நான் இரண்டு நாள் உட்கார்ந்து முழுவதையும் தெளிவான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு வாசித்தும் காட்டினேன். எட்டாவது வகுப்பு வரை படித்தவள். ஒவ்வொரு வரிக்கும் சந்தேகம் கேட்டாள். அப்படி ஒரு மாணவி எனக்குக் கிடைத்ததில்லை.

“இந்தத் தடத்தப் பத்திப் போட்டிருக்குதுங்களே, ‘ஆளும் மாடும் சாலும் வடமும் போகவர’ன்னு, அதென்னங் மாமா?”

விளக்கினேன். ரோட்டிலிருந்து கிணற்றுக்கு வருகிற தடம் இளையவர் நிலத்தில், அதாவது அவள் நிலத்தில் போகிறது. அந்தத் தடத்தில் மூத்தவர் பக்கத்து ஆட்களும், மாடுகளும், தண்ணீர் மொள்ளும் தோல் சாலும், அதை இழுக்கிற கயிறும் போகலாம் வரலாம்.

“வேற எதாவது போலாமுங்களா?”

“எழுதியிருப்பதுதான்.”

“எழுதாததச் சேத்துப் படிக்கக் கூடாதுங்களா?”

“கூடாது.”

“செரிங் மாமா” என்று சொல்லிவிட்டு நகலை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். பத்திரத்தை அப்படி மடிக்கக் கூடாது, மடிப்பில் எழுத்துப் போய்விடும் என்றுகூடச் சொன்னேன்.

நான்காவது நாள் தடத்தில் நான்கு கல் தூண். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் மூன்றடி இடைவெளி. ஒரு மாடு தாராளமாக நுழையும். மாலையில் குமரேசன் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஹாரன் அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். துளசிமணி பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“ஏனுங்க்கா, இதுல லாரி எப்படிங்க போறது?”

“மாடு போகுமுங்க.”

“மாட்டுக்கா தண்ணி கேக்கறாங்க? எழுநூறு குடும்பமுங்க்கா. குழாயில காத்து வருதுன்னு எனக்குப் போன் மேல போன்.”

“உங்க லாரிய மாடுன்னு எங்க மாமாவ ஒரு பத்திரம் எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. இப்பவே விட்டர்றேன்.”

குமரேசன் என்னிடம் ஓடிவந்தான். நீளமான ஓஸ் குழாய் போடலாம், ரோட்டிலேயே லாரியை நிறுத்தி ஏற்றலாம் என்றான். நான் யோசித்தேன். ஓஸும் ஒரு வகையில் தண்ணீர் எடுக்கிற சாமான்தான், ஆனால் சால் என்றும் வடம் என்றும் பெயர் சொல்லி எழுதியிருக்கும்போது ஓஸை எப்படிச் சேர்ப்பது? மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. கூடாது என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. “ஐயா, உங்களுக்கு என்னதானுங்க வேணும்?” என்று கேட்டுவிட்டுப் போனவன்தான். இப்போது அன்னூர்ப் பக்கம் எங்கேயோ எடுக்கிறானாம்.

என் ஸ்கூட்டர் தூணுக்கு நடுவில் போகிறது. பத்திரப்படி அதற்கும் உரிமை இல்லை. அதை மட்டும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் முழுதாகப் படிக்கப் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே அவள் வந்தாள் என்பதையும் சொல்லவேண்டும். சண்டைக்கு வரவில்லை. இப்படி, இந்த வாசலில் நின்றுதான் சொன்னாள்:

“எனக்குக் கல்லு நட்டுக்கிட்டு நிக்கோணும்னு ஆசையில்லீங் மாமா. ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. ராத்திரித் தண்ணி கெணத்துக்குன்னு. நான் கல்லை எடுத்துப் போடறேன். உங்க மொறை நாள்ல பகல்ல நீங்க லாரிக்கு எத்தன லோடு வேணும்னாலும் குடுங்க, நான் ஒண்ணும் சொல்லலை. அவங்களுக்கும் தண்ணி வேணுமில்லீங். என்னோட கீரையத் திங்கற சனந்தான.”

ஈஸ்வரி உள்ளேயிருந்து வெளியே வந்து, “எழுதிக் குடுங்க” என்றாள். “ஊருக்கெல்லாம் எழுதினவரு.”

சம்மதித்தேன். அன்றைக்கே உட்கார்ந்தேன். ஆனால் நீங்கள் யோசித்துப் பாருங்கள், தம்பி. ‘இரவுத் தண்ணீர் கிணற்றுக்கு’ என்று எப்படி எழுதுவது? கிணறு ஒரு கட்சிக்காரரா? அதற்குக் கையெழுத்து உண்டா? எழுதிப்பார்த்த முதல் நகல் கிழிந்தது. இரண்டாவதில் ‘இரு தரப்பாரும் இரவில் இறைப்பதை விட்டுக்கொடுத்து’ என்று எழுதினேன். விட்டுக்கொடுத்து என்றால் முன்பு இருவருக்கும் உரிமை இருந்ததாக ஆகிவிடும். அவளுக்கு எப்போது இருந்தது? அதுவும் போயிற்று. மூன்றாவதில் பொழுது விழுவது என்றால் பஞ்சாங்கப்படியா, கண்ணுக்குத் தெரிவதா என்று ஒரு விளக்கம் சேர்த்தேன். மழை மேகம் மூடிய நாளில் என்ன செய்வது? நான்காவது. சூரிய கிரகணத்தன்று பகலில் இருட்டினால்? அது ஐந்தாவது. சிரிக்காதீர்கள். கிரகணத்தால் ஒரு குடும்பம் கோர்ட்டுக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நடுவில் இன்னொரு சிக்கல். உடன்படிக்கை கையெழுத்தாகும்வரை என் இரவுப் பாத்தியதை இருக்கிறதல்லவா? அனுபோகம் விட்டுப்போனால் பாத்தியதை விட்டுப்போகும். பிறகு நான் எதை விட்டுக்கொடுத்து எழுதுவது? இல்லாத உரிமையை விட்டுக்கொடுத்து ஒரு பத்திரம் எழுதினால் அதைப் பார்த்து என் தொழில்காரர்கள் சிரிக்கமாட்டார்களா? அதனால் லாரி இல்லாவிட்டாலும் தினமும் பொழுது விழுந்ததும் மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் என் காட்டில் சும்மா ஓடியது. வெண்டைச் செடி நாற்பதும் அழுகிப்போயின. உரிமையைக் காப்பாற்றிக்கொள்வதற்கு அவ்வளவு நஷ்டத்தையும் நான்தான் ஏற்றுக்கொண்டேன், யாரையும் கேட்கவில்லை.

ஆறாவது நாள் துளசிமணி வந்து, “ஒரு வரிதானுங் மாமா” என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

பதினொன்றாவது நாள் வந்தாள். கையில் ஒரு பிடி சிறுகீரை. இலை மஞ்சளாகி, ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. “இதப் பாருங் மாமா” என்றாள். ஏழாவது நகலில் நான்காவது பக்கத்தில் இருந்தேன். “ரொம்பக் கிட்டே வந்துவிட்டேன் அம்மிணி” என்றேன். மேஜைமேல் அந்தக் கீரையை வைத்துவிட்டுப் போனாள். காகிதத்தில் ஈரம் படும் என்று நகர்த்தப் போனேன். அதில் ஈரமே இல்லை.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் ஈஸ்வரி சோற்றை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். “நீங்க எழுதின பத்திரத்துல ஒண்ணாவது மனுசங்க பேசற மாதிரி இருக்குதுங்களா?” என்று கேட்டாள். மனுஷர்கள் பேசுவதை நம்ப முடியாததால்தான் பத்திரம் எழுதுகிறோம் என்று சொன்னேன். அதுதான் அவள் என்னோடு கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டது. இப்போது எனக்கு வைத்துவிட்டு, முடித்த பிறகு தனியாகச் சாப்பிடுகிறாள். வயிற்றுக் கோளாறாக இருக்கும்.

பத்தொன்பதாவது நாள், பதினோராவது நகல். ஆறு பக்கம். முத்திரைத்தாளில். என் வாழ்க்கையில் அதைவிட நேர்த்தியான ஒரு உடன்படிக்கையை எழுதியதில்லை, தம்பி. மழை, கிரகணம், மோட்டார் பழுது, திருவிழா, எல்லாம் அதில் இருக்கிறது. காலை ஏழரை மணிக்கு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பாத்திகள் எல்லாம் வெறும் மேடாகக் கிடந்தன. ஒன்றிரண்டு இடத்தில் குச்சி மட்டும். அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் நாடாவில் ஒரு அடையாள அட்டை தொங்கியது. போட்டோவில் அவள் சிரிக்கவில்லை.

“எங்கே கிளம்பிவிட்டாய்?”

“அடுக்கு வீட்டுக்குத்தானுங் மாமா. அஞ்சு நாளாப் போறேன். மூணாவது மாடிக்கு மேல தண்ணி ஏறமாட்டேங்குதுங். கீழ தொட்டியிலிருந்து கொடத்துல எடுத்துக் குடுக்கறதுக்கு ஆள் கேட்டாங்க. எட்டு மணிக்கு மெசின்ல வெரல் வெக்கோணும்.”

“பத்திரம் முடிந்துவிட்டது” என்று நீட்டினேன்.

அவள் ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்து ஆறு பக்கத்தையும் படித்தாள். விரலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்துப் படித்தாள். நான் கற்றுக்கொடுத்த மாதிரியே. எனக்குப் பெருமையாக இருந்தது. ஐந்தாவது பக்கத்தில் விரல் நின்றது.

“‘தடத்தில் உள்ள கல் தூண்களை அப்புறப்படுத்த வேண்டியது’ன்னு போட்டிருக்குதுங். யாரு அப்புறப்படுத்தறதுன்னு போடலீங்களே மாமா.”

“நீதானே நட்டாய்!”

“அது செரிங். ஆனா எழுதலீங்களே.”

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை, தம்பி. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான் வாங்கிப் பார்த்தேன். இல்லை. பதினொரு நகலிலும் இல்லை. ஆறு பக்கத்தில், கிரகணம் இருக்கிறது, இது இல்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் எனக்கு நேர்ந்த முதல் விடுபடல்.

“நான் ஆள் கூட்டியாந்து கல்லைப் பிடுங்கறதுக்கு இப்ப லீவு இல்லீங் மாமா” என்று சொல்லி, என் பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அதனால்தான் தூண் நிற்கிறது. நீங்கள் ஆள் வைத்து ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம் என்கிறீர்கள். முடியாது. அது அவள் நிலம். என் பேனாவுக்கு அந்த அதிகாரம் இல்லை, உங்கள் கடப்பாரைக்கு எப்படி இருக்கும்? திருத்தல் பத்திரம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது நகலில் இருக்கிறேன். தூண் என்றால் நிலத்துக்கு மேலே தெரிவது மட்டுமா, உள்ளே புதைந்த பாகமும் சேர்ந்தா என்பதில் ஒரு சின்னச் சிக்கல். முடிந்ததும் போன் செய்கிறேன். உங்கள் ஒப்பந்தத்தையும் என்னிடமே விட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் இருக்கிறது, அதை நான் ஒரு தடவை பார்க்காமல் நீங்கள் யாரிடமும் கையெழுத்து வாங்கக் கூடாது.

என்னைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசுகிறார்கள் என்று உங்கள் காதிலும் விழுந்திருக்கும். விழட்டும். கையெழுத்தான நாளிலிருந்து பொழுது விழுந்த பிறகு நான் மோட்டாரைத் தொட்டதில்லை. உடன்படிக்கை உடன்படிக்கைதான். கிணற்றில் இப்போது மேலிருந்து ஐந்தாவது படிவரை தண்ணீர் நிற்கிறது, எட்டிப் பார்த்துவிட்டே போங்கள். திங்கள், புதன், வெள்ளி மோட்டார் போடுவதற்கு யாரும் வருவதில்லை. அவள் முறை என்பதால் அன்றைக்கும் நான் தொடுவதில்லை.

போன மாதம் அந்தக் கோபுரங்களில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்களாம். வேலைக்கு வருகிறவர்கள் குடிப்பதற்குத் தண்ணீரை அவரவர் வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும் என்று. அதிலிருந்து துளசிமணி காலையில் போகும்போது கிணற்றில் வாளி விட்டு மொண்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறாள். தினமும் வருவதில்லை. திங்கட்கிழமை வந்து இரண்டு பாட்டில், புதன்கிழமை வந்து இரண்டு பாட்டில். வெள்ளிக்கிழமை மட்டும் மூன்று பாட்டில் எடுத்துக்கொண்டு போகிறாள்.